ஸ்டாம்ப் ஒட்டிய வெற்றுத்தாள்

கேள்வி: ஜவுளி நிறுவனம் ஒன்றில் கணக்கெழுதும் வேலை பார்த்தேன். 2019 ஜூன் முதல் தேதி சேர்ந்தேன். மாமியாரைக் கவனிக்க ஆளில்லாததால், ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடுத்துவிட்டு 2026 ஜனவரி 31-ல் நின்றுவிட்டேன். கடைசி மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை. "நீங்களா நின்னா கிராஜுவிட்டி கிடையாதுங்க, கையெழுத்துப் போட்டுட்டு சம்பளத்த வாங்கிக்கங்க" என்று மேனேஜர் ஸ்டாம்ப் ஒட்டிய வெற்றுத்தாளை நீட்டுகிறார். "போட்டுட்டு வா, எதுக்கு வம்பு" என்கிறார் கணவர். என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: போடாதீர்கள், சகோதரி.

'நீங்களா நின்னா கிடையாது' என்பது கம்பெனிகளில் காலங்காலமாகச் சொல்லப்படும் பொய். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் ஐந்து வருடம் தொடர்ந்து இருந்தவருக்கு, தானாக ராஜினாமா செய்தாலும் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, உண்டு. 1972-ம் வருடச் சட்டத்திலும் அப்படித்தான், இப்போது வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அப்படித்தான்.

சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். மொத்தம் 18,000 என்றாலும், கணக்குக்கு வருவது அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும்தான். அது 13,000 என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 26 வேலை நாள் என்று வகுத்தால் ஒரு நாளைக்கு 500. வருடத்துக்கு 15 நாள் வீதம் 7,500. நீங்கள் இருந்தது 6 வருடம் 8 மாதம்; ஆறு மாதத்துக்கு மேல் போனால் முழு வருடம், ஆக 7. மொத்தம் 52,500 ரூபாய். இந்தத் தொகையைக் கணவரிடம் ஒரு முறை சொல்லிப் பாருங்கள்!

நின்ற 30 நாளுக்குள் இதைக் கொடுத்தாக வேண்டும். இழுத்தடித்தால் வட்டியும் சேரும். கடைசி மாதச் சம்பளத்துக்கு அவ்வளவு அவகாசம்கூட இல்லை. 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடித்துவிட வேண்டும். சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கையெழுத்துக் கேட்பது மிரட்டல், வேறென்ன?

இன்னொன்றைப் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். தீபாவளிக்கு நீங்கள் அங்கே இருக்கப்போவதில்லை, ஆனால் ஏப்ரல் முதல் ஜனவரி வரை உழைத்த பத்து மாதத்துக்கான போனஸ் உங்களுடையது. பி.எஃப். பணம் எங்கும் போகாது. விலகிய தேதியை அவர்கள் பதியாவிட்டால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையதளத்தில் பதியலாம்.

கிராஜுவிட்டி கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதி, பதிவு செய்து, சேர்ந்ததற்கான ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தொழிலாளர் துறை உதவி ஆணையர் அலுவலகத்துக்குப் போங்கள். வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை. வேலையில் சேர்ந்த உத்தரவு, சம்பளச் சீட்டுகள், ராஜினாமா கடித நகல் மூன்றும் கையில் இருக்கட்டும்.

அதற்குள் சம்பளம் மட்டும் தருகிறோம் என்று கூப்பிட்டால் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த வெற்றுத்தாளில் "ஜனவரி மாதச் சம்பளம் மட்டும் பெற்றுக்கொண்டேன். கிராஜுவிட்டி, போனஸ் பாக்கி" என்று தேதியோடு உங்கள் கைப்பட எழுதி, இடம் விடாமல் அதற்கு நேர் கீழே கையெழுத்துப் போடுங்கள். கணக்கெழுதிய உங்களுக்கு வவுச்சரில் இடம் விட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தாளைத் திருப்பிக் கொடுக்கும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.