பழங்காசுகள் சேர்ந்துகொண்டே போகின்றன. எப்படி வகைப்படுத்துவது, எதில் வைப்பது?

சங்ககாலச் சதுரக் காசுகள், இராசராசன் காசுகள், நாயக்கர் காசுகள், கொஞ்சம் ரோமானியச் செம்பு என்று உங்கள் சேகரிப்பு இருநூறைத் தாண்டிவிட்டதாகச் சொல்கிறீர்கள். ஆல்பத்தில் வம்சவாரியாக அடுக்கியதால் புதிதாக ஒன்று வந்தாலே பக்கம் பக்கமாக நகர்த்த வேண்டியிருக்கிறது, சில காசுகளில் பச்சையும் படர்கிறது என்கிறீர்கள். நானும் தென்னிந்தியச் செப்புக் காசுகள்தான் சேர்க்கிறேன், அதுவும் சென்னையில். அதனால் இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

ஒரு காசு யாருடையது என்பது ஒரு கேள்வி. அது எந்தப் பெட்டியில் இருக்க வேண்டும் என்பது வேறு கேள்வி. ஆல்பத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுவதால்தான் நகர்த்தி நகர்த்தி அலுக்கிறது. பெட்டியில் உலோகப்படி வையுங்கள். வம்சம், அரசன், காலம் எல்லாம் எக்ஸெலில் இருக்கட்டும். இரண்டையும் கோர்க்க ஓர் எண் போதும்.

அந்த எண் வெறும் வரிசை எண்ணாக இருக்க வேண்டும். வந்த வரிசையில் 1, 2, 3. ‘சோழர்-14’, ‘பாண்டியர்-7’ என்றெல்லாம் வைக்காதீர்கள். ஏன் என்றால், என்னிடம் ஒரு காசு ‘இராசராசன்’ என்ற சீட்டோடு வந்தது. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், கைக்குக் கீழே மூன்று வரியில் நாகரி எழுத்து, எடை சுமார் 4 கிராம். எல்லாம் பொருந்தியது. பக்கவாட்டில் வெளிச்சம் விழ வைத்துப் படமெடுத்துப் பெரிதாக்கினால், ‘ஸ்ரீ ராஜ’ என்பதற்கு அடுத்து ‘ரா’ வர வேண்டிய இடத்தில் ‘லீ’ இருந்தது. அது இலங்கையின் பொலன்னறுவையை ஆண்ட அரசி லீலாவதியின் காசு. 1197 முதல் 1212 வரைக்குள் மூன்று முறை அரியணை ஏறியவர் அவர். சோழர் காசின் அதே வடிவத்தில் பராக்கிரமபாகு முதலான பொலன்னறுவை ஆட்சியாளர்கள் தங்கள் பெயரைப் போட்டு அச்சடித்தார்கள். தேய்ந்த காசில் இந்த வித்தியாசம் சட்டென்று தெரியாது. எண்ணில் வம்சத்தைக் கலந்திருந்தால் சீட்டு, படத்தின் கோப்புப் பெயர், பெட்டி என்று எல்லாவற்றையும் திருத்தியிருக்க வேண்டும். எனக்கு எக்ஸெலில் ஒரு கட்டத்தை மாற்றியதோடு வேலை முடிந்தது. உங்களிடம் உள்ள இராசராசன் காசுகளையும் ஒருமுறை இப்படிப் படமெடுத்துப் பாருங்கள்.

எக்ஸெலில் எண், உலோகம், எடை, அளவு, இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரிவது, நீங்கள் நினைக்கும் அடையாளம், யாரிடம் எப்போது எவ்வளவுக்கு வாங்கினீர்கள் ஆகியவை போதும். எடைக்கு 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு வாங்கிவிடுங்கள், விலை அதிகமில்லை. சதுரக் காசுக்கு நீளம், அகலம், தடிமன் மூன்றையும் எழுதுங்கள். ‘தெரிவது’ வேறு, ‘நினைப்பது’ வேறு. ‘யானை வலப்புறம் நோக்கி, மேலே சின்னங்கள், பின்பக்கம் கோட்டுருவ மீன்’ என்பது தெரிவது. ‘சங்ககாலப் பாண்டியர்’ என்பது நினைப்பது. நாளைக்கு உங்கள் கருத்து மாறினாலும் முதலாவது அப்படியே நிற்கும்.

இன்னொரு கட்டம் பலரும் விட்டுவிடுவது: கிடைத்த இடம். இதில் நான் ரொம்பக் கண்டிப்பு. மாக்கோதை, கொல்லிப்புறை என்று தமிழ்-பிராமியில் பெயர் பொறித்த சேரர் காசுகள் கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்தன. சேரரின் வஞ்சி கரூர்தான் என்று வாதிடுபவர்கள் கையில் எடுக்கும் முக்கியமான சான்றுகளில் அவையும் உண்டு. ‘கரூர்’ என்ற ஒரு சொல்லை யாராவது எழுதி வைக்காமல் விட்டிருந்தால் அந்தக் காசுகள் அவ்வளவு பேசியிருக்காது. ஆகவே விற்பவர் ‘மதுரைப் பக்கம், வைகை’ என்று வாய்வழியாகச் சொன்னாலும் எழுதுங்கள், ‘விற்றவர் சொன்னது’ என்றும் சேர்த்து எழுதுங்கள். பழைய சீட்டு கசங்கியிருந்தாலும் வீசாதீர்கள். தனி உறையில் போட்டு அதே எண்ணை எழுதி வையுங்கள்.

சரி, பச்சைக்கு வருவோம். அது மூன்று விதம். கெட்டியாக, கருமையோ கரும்பச்சையோ ஆக, காசோடு ஒட்டி ஒரே தோலாக இருந்தால் அது நல்ல களிம்பு, காசைக் காப்பதே அதுதான். தொடவே தொடாதீர்கள். புளி, எலுமிச்சை, விபூதி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும், ஆனால் எழுத்தும் அதோடு போய்விடும். இரண்டாயிரம் வருடக் காசில் பல சமயம் எழுத்து நிற்பதே அந்தக் களிம்பில்தான்.

பிசுபிசுப்பாக, எண்ணெய் தடவிய மாதிரி பச்சை இருந்தால் குற்றவாளி உங்கள் ஆல்பம். மெத்தென்று வளைந்து, புது ரெக்சின் போல வாசனை அடிக்கும் பக்கங்கள் பிவிசி. அந்தப் பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள் நாளடைவில் கசியும், அமிலமும் வெளியேறும், செம்பையும் வெள்ளியையும் அரிக்கும். ஆல்பத்தைத் தூக்கிப் போடுங்கள். சுத்தமான அசிட்டோனில், கண்ணாடிக் கிண்ணத்தில், ஜன்னலைத் திறந்து வைத்து, பக்கத்தில் நெருப்பில்லாமல் காசை ஊறவைத்தால் அந்தப் பிசுக்கு போய்விடும். வாசனை சேர்த்த நெயில் பாலிஷ் ரிமூவர் ஆகாது.

மூன்றாவதுதான் ஆபத்து. வெளிர்பச்சை மாவு மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கும், பல்குத்தும் குச்சியால் தொட்டால் உதிரும், சில வாரத்தில் மறுபடி வரும். சேகரிப்பாளர்கள் இதை ப்ரான்ஸ் டிசீஸ் என்பார்கள். மண்ணிலிருந்து செம்புக்குள் புகுந்த குளோரைடு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து உள்ளே குடைந்துகொண்டே போகும். அந்தக் காசை உடனே தனியாக எடுங்கள். லென்ஸ் வைத்துப் பார்த்து மாவை மெல்ல எடுத்துவிட்டு, டிஸ்டில்டு வாட்டரில் வாரக்கணக்கில் ஊறவிடுங்கள், தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர் கூடாது, அதிலேயே குளோரைடு இருக்கிறது. அப்புறம் ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்தி, சில மாதம் தனி டப்பாவில் வைத்துக் கவனியுங்கள்.

ஈரம்தான் எல்லாவற்றுக்கும் மூலம். கடலோர ஊரில், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில், அலமாரியில் சும்மா வைத்தால் எந்த ஹோல்டரும் காப்பாற்றாது. ரப்பர் வளையத்தோடு நான்கு பக்கமும் கிளிப் போட்டு மூடும் பாலிப்ரொப்பிலீன் டப்பா வாங்குங்கள். உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல்லும் ஒரு சின்ன டிஜிட்டல் ஈரமானியும் வையுங்கள். செம்புக்கு 40 சதவீதத்துக்குக் கீழே ஈரம் இருந்தால் நிம்மதி. ஜெல்லில் ஆரஞ்சு நிறம் பச்சையாக மாறுகிற வகையை வாங்கினால், எப்போது சூடாக்கிப் புதுப்பிப்பது என்று அதுவே சொல்லிவிடும்.

டப்பாவுக்குள் மைலார் ஃபிளிப், அதாவது மடிக்கக்கூடிய பாலியெஸ்டர் உறை. இரண்டு பை உள்ளது: ஒன்றில் காசு, மற்றதில் சீட்டு. அது கொஞ்சம் விறைப்பாக இருக்கும், அதனால் காசை உரசாமல் செருகுங்கள். சீட்டு அமிலமில்லாத தாள், எழுத்து பென்சில். அட்டை ஹோல்டரில் ஸ்டேப்ளர் பின் அடிப்பது சங்கக் காசுக்குச் சரிவராது. தடிமனான சதுரக் காசு அதில் உட்காராது, பின் துருவும் பிடிக்கும்.

வெள்ளி முத்திரைக் காசுகள் சேர்ந்தால் ரப்பர் பேண்ட், செய்தித்தாள் பக்கத்தில் வராமல் பாருங்கள், கந்தகம் கறுக்க வைக்கும். வீரராயன் பணம் போன்ற தங்கம் துருப்பிடிக்காது, ஆனால் அரை கிராம்கூட எடை இல்லாததால் விரலிடுக்கில் தொலைந்துபோகும். அதற்கு மட்டும் கேப்சூல் என்ற வட்டமான மூடிய பிளாஸ்டிக் கூடு. சாதவாகனர் ஈயக் காசு வாங்கினால் மரப்பெட்டியிலோ அட்டைப் பெட்டியிலோ வைக்காதீர்கள். மரத்திலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை வெள்ளைப் பொடியாக்கிவிடும்.

ரசீதுகளையும் அதே எண் போட்டுப் படமெடுத்து வையுங்கள். நூறு வருடம் தாண்டிய காசு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும், அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மண்ணில் நீங்களே கண்டெடுத்தது என்றால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எது எங்கே வாங்கியது என்று காட்ட ரசீது கையில் இருக்க வேண்டும்.

அந்தப் பச்சை படர்ந்த காசுகளின் படத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்துக் கருத்துப் பகுதியில் போடுங்கள். மூன்றில் எது என்று பார்த்துச் சொல்கிறேன்.