ஊரில் ஒத்துக்கொண்ட பால் ஜேர்மனியில் ஏன் வயிற்றைக் கலக்குகிறது?

கேள்வி: புதுக்குடியிருப்பிலிருந்து ஜேர்மனிக்குப் படிக்க வந்து நான்கு மாதம். வயது 22. காலையில் பால் ஊற்றிய மியூஸ்லி (ஓட்ஸ், உலர்பழக் கலவை), மத்தியானம் பல்கலைக்கழக மென்சாவில் (உணவகம்) கிறீம் சூப் அல்லது பாஸ்தா. சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்தில் வயிறு ஊதி இரைகிறது. சில நாளில் வயிற்றோட்டமும் போகிறது. ஊரில் தினமும் பால் தேத்தண்ணி குடித்தேன், எருமைத் தயிரும் சாப்பிட்டேன். இப்போது மட்டும் ஏன் டொக்டர்?

பதில்: உங்கள் குடல் மாறவில்லை, பாலின் அளவுதான் மாறியிருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்கு இரண்டு தேக்கரண்டி பால்மா போட்டால் அதில் பாற்சர்க்கரை, அதாவது லக்ரோஸ், 3 அல்லது 4 கிராம்தான். மியூஸ்லிக்கு ஊற்றும் 250 மில்லிலீற்றர் பாலில் 12 கிராம் இருக்கிறது. அதற்கு மேல் மென்சா கிறீம், பின்னேரம் ஒரு லாட்டே (பால் கோப்பி). தயிரில் பாதிக் கவலை இல்லை: உறையவைக்கும் பக்ரீரியாவே லக்ரோஸில் ஒரு பங்கைத் தின்றுவிடும், மிச்சத்தைச் செரிக்கவும் உதவும்.

லக்ரோஸை உடைக்கும் லக்ரேஸ் என்ற நொதியம் சிறுபிள்ளைப் பருவம் தாண்டியதும் எங்கள் ஆட்களில் பெரும்பாலானோருக்குக் குறைந்துவிடும். உடையாத லக்ரோஸ் பெருங்குடலுக்குப் போய்த் தண்ணீரை இழுக்கிறது, அதுதான் வயிற்றோட்டம். அங்குள்ள பக்ரீரியா அதைப் புளிக்கவைக்க வாயு வருகிறது. இது ஒவ்வாமை இல்லை, குடலும் பழுதாகாது.

இரண்டு வாரம் பாலை முற்றாக நிறுத்திப் பாருங்கள். பலர் பாலை மட்டும் விட்டுவிட்டு, கிறீம், ஐஸ்கிறீம், குவார்க் (தயிர் போன்ற மென்மையான பாற்கட்டி), பக்கற் சூப் எல்லாம் சாப்பிட்டுக்கொண்டு "பலனில்லை" என்பார்கள். பக்கற்றின் பின்புறத்தில் 'மில்ஷ்புல்வர்' (பால்மா), 'மொல்கன்புல்வர்' (மோர்த்தெளிவு மா) என்று இருந்தால் திருப்பி வையுங்கள். பதினைந்தாம் நாள் வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் பால் குடியுங்கள். வகுப்பில்லாத நாளாகப் பார்ப்பது நல்லது! பழைய தொல்லை திரும்பினால் விடை கிடைத்தது. சந்தேகமிருந்தால், லக்ரோஸ் குடித்தபின் மூச்சிலுள்ள ஐதரசனை அளக்கும் ஐதரசன் மூச்சுப் பரிசோதனை செய்யலாம்.

அதற்காக ஒரேயடியாகப் பாலை விடத் தேவையில்லை. 'லக்ரோசஃப்ரை' (லக்ரோஸ் இல்லாதது) என்று எழுதிய பால் அங்கே சுப்பர்மார்க்கெட்டில் சாதாரணமாகக் கிடைக்கும். லக்ரோஸ் முன்கூட்டியே உடைக்கப்பட்டிருப்பதால் சற்று இனிக்கும். சீனி போட்டதென்று பயப்பட வேண்டாம். நன்கு முதிர்ந்த சீஸில் லக்ரோஸ் இல்லையென்றே சொல்லலாம். வெளியில் சாப்பிடும் நாளில் லக்ரேஸ் மாத்திரையை முதல் வாயோடு எடுங்கள். சாப்பிட்டு அரை மணித்தியாலம் கழித்துப் போட்டால் காசுதான் வீண்.

பாலை நிறுத்தியும் குறையாவிட்டால் மியூஸ்லியின் உலர்பழம், வெங்காயம், கோதுமை, றை தானியப் பாண் இவற்றைச் சந்தேகிக்கலாம். ஆனால் கோதுமையிலுள்ள குளூட்டன் புரதத்தால் குடல் பழுதாகும் சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் நோய் இருந்தாலும் இல்லையென்று முடிவு வரலாம். மலத்தில் இரத்தம், காய்ச்சல், எடை குறைதல், இரவில் வயிறு எழுப்புதல் இருந்தால் இந்த இரண்டு வாரமும் காத்திராமல் அங்குள்ள மருத்துவரிடம் போங்கள்.

அம்மா பார்சல் அனுப்பினால் குரக்கன் மா கேளுங்கள். 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது, லக்ரோஸ் துளியும் இல்லை.