இரண்டாம் உலகப்போர் ஆவணப்படங்கள் பார்த்து ஆர்வம் வந்துவிட்டது. புத்தகங்களுக்கு எப்படிப் போவது?

ஒரே ஒரு சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தப் போரையும் சொல்லும் தடித்த புத்தகத்தில் தொடங்குபவர்கள் பெரும்பாலும் போர் தொடங்கிய போலந்தைத் தாண்டுவதற்குள் மூடிவைத்துவிடுகிறார்கள். 1942-43-இல் ஜெர்மனியும் சோவியத் யூனியனும் மோதிய ஸ்டாலின்கிராட் நல்ல தொடக்கம். ஒரு நகரம், ஐந்து மாதங்களுக்குச் சற்று அதிகமான காலம், இரு தரப்பிலும் ஏராளமான ஆவணங்கள்.

முதலில் 'தி வேர்ல்ட் அட் வார்' தொடரின் 9-ஆவது எபிசோடைப் பாருங்கள். 1973-74-இல் பிரிட்டனின் ஐடிவி தொலைக்காட்சியில் வந்த 26 பகுதித் தொடர் இது. பின்னணிக் குரல் லாரன்ஸ் ஒலிவியே. முதல் தடவை நிறுத்தாமல் பாருங்கள். இரண்டாவது தடவை வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வோல்கா, டான் நதிகள், டான் கரையிலுள்ள கலாச் ஊர், பிடோம்னிக் விமானத்தளம் ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். இவை பிடிபட்டுவிட்டால் புத்தகத்தில் பாதிக் குழப்பம் போய்விடும்.

அடுத்து ஆன்டனி பீவரின் 'ஸ்டாலின்கிராட்' (1998). சோவியத் ஆவணக்காப்பகங்கள் திறந்த பிறகு எழுதியது. படத்தில் பனியும் விமானமும் தெரியும். கணக்கு புத்தகத்தில்தான் வரும். சுற்றிவளைக்கப்பட்ட ஜெர்மன் 6-ஆம் படைக்கு நாளொன்றுக்கு 500 டன் சரக்கை வான்வழியே இறக்குவதாக ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங் உறுதியளித்தார். உண்மையில் போனது சராசரியாக 100 டன்னை ஒட்டித்தான். ரொட்டி ஏன் குறைந்தது, பீரங்கிகள் ஏன் ஓய்ந்தன என்பதெல்லாம் இந்த ஒரு கணக்கிலிருந்தே விளங்கும். 1943 பிப்ரவரி 2-க்குள் சரணடைந்த சுமார் 91,000 பேரில் ஊர் திரும்பியவர்கள் ஏறக்குறைய 5,000 பேர்.

இனி, பலரும் சறுக்கும் இடம். திரையில் பார்ப்பதெல்லாம் அந்த நேரத்தில் எடுத்தது என்று நம்பிவிடாதீர்கள். 1942 நவம்பர் 23 அன்று கலாச் அருகே சோவியத் படைகள் இரு பக்கமிருந்தும் வந்து சந்தித்தன. வீரர்கள் பனியில் ஓடிவந்து கட்டியணைக்கும் அந்தப் புகழ்பெற்ற காட்சி, பிறகு கேமராவுக்காக மறுபடி நடத்திக் காட்டியது. 1917 ரஷ்யப் புரட்சியில் குளிர்கால அரண்மனையைப் புரட்சிக்காரர்கள் தாக்குவதாக அடிக்கடி காட்டப்படும் துண்டும் ஐசன்ஸ்டீனின் 'அக்டோபர்' என்ற கதைப்படத்தில் வருவது. ஒரு காட்சி கண்ணில் நின்றுவிட்டால் யார், எங்கே, எப்போது எடுத்தார்கள் என்று தேடுங்கள். கேமரா எதிரியின் பக்கமிருந்து நம் வீரர்களின் முகத்தைக் காட்டினால் சந்தேகப்பட அதுவே போதும்.

படம் வெளிவந்த ஆண்டையும் பாருங்கள். அதே தொடரின் 10-ஆவது எபிசோட் அட்லாண்டிக் நீர்மூழ்கிப் போர் பற்றியது. ஜெர்மானியரின் எனிக்மா சங்கேதத்தை பிரிட்டன் உடைத்துப் படித்த செய்தி விரிவாக வெளியே வந்தது 1974-இல்தான். ஆகவே அந்தக் கதை அதில் இல்லை. தொடர் மட்டமானது என்று இதற்குப் பொருளில்லை. அதில் பேசுபவர்கள் போரை நேரில் கண்டவர்கள், இனி யாராலும் அவர்களைப் பேட்டி எடுக்க முடியாது. ஆனால் சாட்சியும் மறைப்பான். அதில் பேசும் ஹிட்லரின் ஆயுத அமைச்சர் ஆல்பர்ட் ஸ்பியர், யூதப் படுகொலை பற்றி எஸ்எஸ் படைத் தலைவர் ஹிம்லர் 1943 அக்டோபரில் போசன் நகரில் பேசியபோது தான் அங்கே இல்லை என்றே சாதித்தார். இருந்ததாக அவரே 1971-இல் எழுதிய கடிதம் 2007-இல் வெளிப்பட்டது.

கேமராவே போகாத இடங்களுக்கும் சென்று பாருங்கள். 1942-43-இல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில்பாதையில் மலாயா தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் மாண்டார்கள். அந்தப் பாதையை வைத்து 1957-இல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' என்ற ஹாலிவுட் படம் இலங்கையில்தான் எடுக்கப்பட்டது. கதையோ பிரிட்டிஷ் கைதிகளைப் பற்றியது. ஜப்பானியர் ஆட்சிக்காலத்தை அனுபவித்தவர்களின் குரலைக் கேட்க சிங்கப்பூர் தேசிய ஆவணக்காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளுக்குப் போங்கள். பல பதிவுகளை இணையத்திலேயே கேட்கலாம், தமிழில் பேசியவையும் உண்டு.