செருப்பைக் கழற்றினால்தான் கார் ஷெட்டா?

கேள்வி: டெக்சாஸில் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். மாப்பிள்ளை கார் ஷெட்டை ஷோரூம் மாதிரி ஆக்கி வைத்திருக்கிறார். பளபளவென்று எபாக்சி பிசின் பூசிய தரை, சுவர் முழுக்க அலமாரி, கூரையில் எல்இடி விளக்கு வரிசை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். என் கணவர் முப்பது வருடம் மோட்டார் பட்டறை நடத்தியவர். "இது ஷெட்டா, பூஜை ரூமா?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு குறைந்துவிட்டது. நியாயம் யார் பக்கம்?
– ஒரு வாசகி, பீளமேடு, கோவை

பதில்: மாமனார், மாப்பிள்ளை வழக்கை அப்புறம் பார்க்கலாம். எனக்குச் செருப்புதான் முக்கியம்.

1990களில் நம் ஊருக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது நடந்த கூத்து உங்களுக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூடமோ பேங்க்கோ அச்சகமோ, கம்ப்யூட்டர் இருக்கும் அறை வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும். உள்ளே ஏசி. மானிட்டருக்கு ஒரு உறை, கீபோர்டுக்கு ஒரு உறை, சிபியுவுக்கு ஒரு உறை. ஒரு தூசி பட்டால் போதும், மெஷின் படுத்துவிடும் என்பார்கள். அதை இயக்கத் தெரிந்தவர் ஒருவர்தான் இருப்பார். அவர் லீவு போட்டால் அன்றைக்கு நடை சாத்தியாகிவிடும். எங்கள் அலுவலகத்திலும் ஒரு 'ள'வை 'ல' ஆக்குவதற்கு நான் வெறுங்காலோடு உள்ளே போய், கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். இன்றைக்கு அதைவிடப் பல மடங்கு பெரிய கம்ப்யூட்டரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கழிவறைக்கே போகிறோம். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் பயப்படும் வரைக்கும்தான் அதன் வாசலில் செருப்பு கிடக்கும் என்பது என் கட்சி.

அதனால் மாப்பிள்ளையை மட்டும் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. உங்கள் கணவர் காலத்துக் காரில் பானெட்டைத் திறந்தால் கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், பிளக் எல்லாம் கண்ணெதிரே நிற்கும். இப்போது திறந்தால் பல கார்களில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடிதான் தெரியும். சில ஜெர்மன் கார்களில் ஆயில் பார்க்கிற குச்சிகூட கிடையாது. டேஷ்போர்டில் இருக்கும் திரை சொல்வதை நம்ப வேண்டியதுதான். பேட்டரி கார் என்றால் மாற்றுவதற்கு எஞ்சின் ஆயிலே இல்லை. கை வைக்க இடம் தராத பொருளைக் கும்பிடாமல் வேறென்ன செய்வார் அவர்?

ஆனால் அந்தத் தரை விஷயத்தில் உங்கள் வீட்டுக்காரர் பக்கம்தான் நான். எபாக்சி தரை ஷோரூமுக்காக வந்ததில்லை, அம்மா. மெஷின் ஷாப்புக்கும் மருந்து கம்பெனிக்கும் போடுகிற தரை அது. எண்ணெய் சிந்தினால் காங்கிரீட் குடித்துவிடும்; எபாக்சி குடிக்காது, பனியன் வேஸ்டால் ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடும். அதற்காகத்தான் அதைப் போடுவதே. பீளமேட்டைச் சுற்றிப் பம்பு கம்பெனிகளில் நீங்களே பார்த்திருப்பீர்கள். அழுக்காவதற்கென்றே செய்த தரையைப் போட்டுவிட்டு அழுக்காகக் கூடாது என்பது, மழைக்கோட்டு நனைந்துவிடும் என்று குடை பிடிப்பது போலத்தான்.

அதிலும் இவர்கள் கலர் துகள்களைத் தூவி ஒரு டிசைன் போடுகிறார்கள். பார்க்க அழகு. ஒரு சின்ன ஸ்குரூ கீழே விழட்டும், அப்புறம் தெரியும் அழகு. மண்டி போட்டு, டார்ச் அடித்து, காந்தத்தை உருட்டித்தான் தேட வேண்டும். தரையைச் சரியாகச் சுரண்டாமல் பூச்சு பூசியிருந்தால், டெக்சாஸ் வெயிலில் ஓடிவந்து நிற்கும் டயரின் சூட்டில் பூச்சு இளகி, மறுநாள் காரை எடுக்கும்போது டயரோடு உரிந்து வந்துவிடும். மாப்பிள்ளையிடம் சொல்லி வையுங்கள். வேண்டாம், உங்கள் கணவரே சொல்லட்டும், பேச்சுக்கு ஒரு சாக்கு.

இதெல்லாம் காருக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. இந்தப் பக்கத்தில் நான் எத்தனையோ முறை திட்டியிருக்கும் இரண்டு சமையலறை விவகாரத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஹாலைப் பார்த்த மாதிரி ஒன்று, லட்சக்கணக்கில் செலவழித்து, கைப்பிடி இல்லாத அலமாரிகளோடு. அதில் தாளிக்கக் கூடாது. பின்பக்கம் இன்னொன்று, மீன் வறுப்பது, மாவு அரைப்பது, வியர்ப்பது எல்லாம் அங்கே. கட்டட வல்லுநர் ஒருவர் இதைப் பற்றி எனக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினார். முன் சமையலறை 'வாழ்க்கைத் தரம்' என்றார். அவர் வீட்டில் காபி எங்கே போடுகிறார்கள் என்று கேட்டு எழுதினேன். பதில் இல்லை. இன்னும் காத்திருக்கிறேன்.

இந்த வியாதி முற்றிய இடம் மயாமி பக்கத்தில் இருக்கிறது. 2017இல் திறந்த போர்ஷே டிசைன் டவர், அறுபது மாடி. காரில் உட்கார்ந்தபடியே லிப்டில் ஏறி உங்கள் மாடிக்குப் போகலாம். கார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கும், நீங்கள் இந்தப் பக்கம் சோபாவில். யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

உங்கள் கணவர் உடனே கலிபோர்னியாவைக் காட்டுவார், பட்டறைக்காரர்கள் எல்லாருக்கும் அது பிடித்த கதை. எச்.பி. கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் பெயர் தந்த ஹியூலெட்டும் பாக்கார்டும் 1939இல் பாலோ ஆல்டோவில் 12க்கு 18 அடி ஷெட்டில், 538 டாலரையும் ஒரு பழைய துளை போடும் மெஷினையும் வைத்துக் கம்பெனி ஆரம்பித்தார்கள். உண்மைதான். ஆனால் அந்த ஷெட்டின் இன்றைய கதி தெரியுமா? 2000இல் கம்பெனியே அந்த வீட்டை வாங்கி, ஷெட்டைப் பழைய மாதிரி புதுப்பித்து, பூட்டி வைத்திருக்கிறது. தெருவில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம். ஆப்பிள் கம்பெனி பிறந்ததாகச் சொல்கிற ஷெட்டின் கதை இன்னும் மோசம். அங்கே டிசைனும் நடக்கவில்லை, தயாரிப்பும் நடக்கவில்லை, அது பாதி கட்டுக்கதை என்று அந்தக் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான வாஸ்னியாக்கே 2014இல் போட்டு உடைத்தார்.

ஊர் உலகத்து ஷெட்டெல்லாம் பட்டறையாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. லாஸ் ஏஞ்சலிஸில் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 32 குடும்பங்களின் வீட்டுக்குள் புகுந்து பார்த்தார்கள். நாலில் மூன்று ஷெட்டில் கார் நிறுத்தவே இடமில்லை. அட்டைப் பெட்டி, பழைய சைக்கிள், வேண்டாத சோபா. அதைப் பார்க்க உங்கள் மாப்பிள்ளை தேவலை. அவர் ஷெட்டில் கார் இருக்கிறது.

சரி, தீர்ப்பு. அலமாரியில் நட்டு கழற்றுகிற சாக்கெட் செட் ஒன்று பளபளவென்று நிச்சயம் இருக்கும். அடுத்த முறை போகும்போது உங்கள் கணவர் செருப்பைக் கழற்றிவிட்டே உள்ளே போகட்டும், அந்த டிராயரை இழுத்து, பத்தாம் நம்பர் சாக்கெட் இருக்கிறதா என்று பார்க்கட்டும். வேலை நடக்கிற எந்த இடத்திலும் முதலில் காணாமல் போவது அதுதான் என்பது அவருக்குத் தெரியாததா? இல்லையென்றால் மாப்பிள்ளை ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் ஏதோ கழற்றுகிறார் என்று அர்த்தம். மாமனார் மன்னிப்புக் கேட்டுவிடலாம். இருந்தால், சத்தமில்லாமல் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். கோவையில் யாருக்காவது உதவும்.