பைல் நகர்த்த ஐயாயிரமா? கொடுக்காதீர்கள்

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் எங்களுக்குச் சொந்த வீடு. மத்திய அரசுத் திட்டத்தில் மாடியில் சோலார் போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் வந்தார். முழுக்க இலவசம், 5 கிலோவாட் போடலாம், கரன்ட் போனாலும் ஃபேன் ஓடும் என்கிறார். பைல் நகர 5,000 ரூபாயும், ஆதாரும், செல்போனுக்கு வரும் ஓ.டி.பி.யும் கேட்கிறார். வீட்டு மின் இணைப்பு காலமான மாமனார் பெயரில் இருக்கிறது. பின்கட்டில் இரண்டு விசைத்தறி ஓடுகிறது, அதற்குத் தனி மீட்டர். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 450 யூனிட், கோடையில் ஏ.சி. ஓடினால் 680 ஆகிறது. அவரை நம்பலாமா?

பதில்: திட்டத்தை நம்பலாம் அம்மா. அந்த ஆளை வேண்டாம்.

2024 பிப்ரவரியில் வந்த பி.எம். சூர்யா கர் திட்டத்தைத்தான் அவர் சொல்கிறார். ஒரு கோடி வீடுகளுக்கு 75,021 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். 2026-27 நிதியாண்டு வரை ஓடும். ‘இலவச மின்சாரம்’ என்று பெயரிலேயே போட்டுவிட்டார்கள், ஏஜென்டுகளுக்கு அது போதும். இலவசம் என்றால் பேனல் சும்மா வரும் என்று அர்த்தமில்லை. உங்கள் பணத்தில் போட்டபின் மானியம் வரும், பேனல் தரும் கரன்டுக்கு பில் வராது, அவ்வளவுதான். முதல் 2 கிலோவாட்டுக்கு, கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய். மூன்றாவதுக்கு 18,000. மொத்தம் 78,000. அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் ஒரு ரூபாய்கூட அதிகம் கிடைக்காது.

அந்த மானியம் யார் கைக்கும் போகாது, நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். அப்புறம் எந்தப் பைலை நகர்த்த ஐயாயிரம்? 10 கிலோவாட் வரை, இணைப்பு தாங்குமா என்று பார்க்கும் சாத்தியக்கூறு ஆய்வே வேண்டாம் என்று அரசே சொல்லிவிட்டது. ஓ.டி.பி.யைக் கொடுத்தால் உங்கள் பெயரில் அவர் பதிவு செய்வார், தனக்குக் கமிஷன் தரும் நிறுவனத்தையும் அவரே தேர்ந்தெடுப்பார். ‘பைசா போட வேண்டாம்’ என்பவர்களிடம் இன்னும் உஷாராக இருங்கள். பல இடங்களில் அதற்கு அர்த்தம், உங்கள் பெயரில் வங்கிக் கடன். பேனல் ஏறியதும் ஆள் போய்விடுவார், தவணை மட்டும் மாதாமாதம் வரும். கடன் வாங்குவது தப்பில்லை. 3 கிலோவாட் வரை அடமானம் இல்லாமல் ஆறு, ஏழு சதவீத வட்டிக்குக் கிடைக்கிறது. ஆனால் அது கடன் என்று தெரிந்து வாங்க வேண்டும். திட்டத்துக்கான தேசிய இணையதளத்தில் பதிவு செய்வது பெரிய வித்தையில்லை. மின் இணைப்பு எண்ணும் வங்கிக் கணக்கும் போதும், வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை இருந்தால் செய்துவிடும்.

எத்தனை கிலோவாட்? நம் ஊர் வெயிலில் 1 கிலோவாட் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 240. உங்களுக்கு 2 கிலோவாட் போதும். கோடையில் 680 யூனிட் ஆனாலும் ஏறக்குறைய 480 கழிந்துவிடும். தமிழ்நாட்டுக் கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்தான் எல்லைக்கோடு. அதைத் தாண்டினால் 101லிருந்து 200 வரையுள்ள சலுகை விலையும் போய்விடும், மேலே உள்ள யூனிட்டுகள் எட்டு ரூபாய்க்கு மேல். அந்த மேல்தட்டை வெட்டினாலே லாபம் வந்துவிடும். அடியில் 100 யூனிட் ஏற்கெனவே இலவசம், அதை ஒட்டியுள்ளது மலிவு. அதையெல்லாம் பூஜ்யமாக்கப் பணம் கொட்டாதீர்கள். இரண்டு மாதத்துக்கே 200 யூனிட் ஆகிற வீட்டுக்காரர்கள் கேட்டால் சோலாரே வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அவர் 5 கிலோவாட் சொன்னதன் சூட்சுமம் உங்கள் தறியில் இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், தறி வைத்திருக்கிற வீடுகளில் இந்தக் குழப்பம் ஓயவே இல்லை. தறி ஓடும் யூனிட்டையும் வீட்டு யூனிட்டையும் கூட்டிக் கணக்குப் போட்டிருப்பார். திட்டம் வீட்டு இணைப்புக்கு மட்டும். வீட்டு மீட்டரில் மிஞ்சுவதைத் தறி மீட்டரில் கழிக்க மாட்டார்கள். கூரை ஒன்றுதானே, சுவர் ஒன்றுதானே என்று கேட்டுப் பயனில்லை, கணக்கு மீட்டரைப் பொறுத்தது. தறி ஒயரை வீட்டு மீட்டரில் கொடுத்துவிடலாம் என்று எலக்ட்ரீஷியன் யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள், அது விதிமீறல், அபராதம் வரும். அதோடு விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் தமிழக அரசே இலவசமாகத் தருகிறது. 2023இல் 750ஐ 1,000 ஆக்கினார்கள். இரண்டு தறிக்குப் பெரும்பாலும் அதுவே போதும். சும்மா கிடைப்பதற்குப் பதிலாகக் காசு போட்டு எதற்குப் பேனல்?



கரன்ட் போனால் ஃபேன் ஓடாது. மானியத்தில் பெரும்பாலும் போடுவது ஈ.பி. கம்பியோடு இணைந்த சோலார். லைன் செத்தால் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்கிற லைன்மேனுக்கு நம் வீட்டுக் கரன்ட் பாய்ந்துவிடக் கூடாது, அதனால்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். நடுப்பகல் கொளுத்தும் வெயிலிலும் இதேதான். பேட்டரியோடு வேண்டுமானால் போடலாம், அதற்கு மானியம் கூடாது, செலவு மட்டும் கூடும். வீட்டில் பழைய இன்வெர்ட்டர் இருந்தால் அது அப்படியே இருக்கட்டும்.

பேனல் வாங்கும்போது, பேனலும் அதற்குள் இருக்கும் சோலார் செல்லும் இந்தியாவில் செய்ததுதான் என்பதற்கு வரிசை எண்ணோடு சான்று கேளுங்கள். அந்த வகைக்குத்தான் மானியம். மலிவான இறக்குமதிப் பேனலை மாட்டிவிட்டு, மானியம் வராதபோது ‘சர்வர் பிரச்சினை’ என்பார்கள். கொட்டேஷன் பழையதென்றால் புதிதாக வாங்குங்கள், 2025 செப்டம்பரில் பேனலுக்கான ஜி.எஸ்.டி. 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. ஐந்து வருடப் பராமரிப்பு போட்டவர் பொறுப்பு, அதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

நீங்கள் எடுக்கும் கரன்டையும் மிஞ்சி வெளியே போகும் கரன்டையும் தனித்தனியாக எண்ணும் இருவழி மீட்டர் மாட்டும் வரை சோலாரை ஆன் செய்யாதீர்கள். பழைய மீட்டர்களில் சில, வெளியே போகும் கரன்டையும் நீங்கள் எடுத்ததாகவே எண்ணும். நான் பார்த்த ஒரு வீட்டில் பேனல் ஏறி மூன்று மாதம், மீட்டர் வரவில்லை. பில் குறைவதற்குப் பதில் ஏறிவிட்டது. கேட்டால் ‘ஸ்டாக் இல்லை’. பேனலுக்குக் கோடிகோடியாக ஒதுக்குகிறார்கள், ஒரு மீட்டருக்கு மனிதன் நடையாய் நடக்க வேண்டும். மானியம் 30 நாளில் வரும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த நாள் எண்ணிக்கை தொடங்குவதே மீட்டர் மாட்டி, சோதித்து, சான்று இணையதளத்தில் ஏறிய பிறகுதான்.

இதற்கெல்லாம் முன்னால் மின் இணைப்பில் உள்ள மாமனார் பெயரை மாற்றுங்கள். இணைப்பு ஒருவர் பெயரிலும் வங்கிக் கணக்கு இன்னொருவர் பெயரிலும் இருந்தால் மானியம் நடுவழியில் நிற்கும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வீட்டுவரி ரசீது, மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் தயார் செய்யுங்கள். ஈ.பி.க்கு ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். உங்கள் வீட்டுக்காரரின் கூடப்பிறந்தவர்கள் வெளியூரில் இருந்தால் இந்தச் சம்மதக் கையெழுத்துதான் இழுக்கும், பொங்கலுக்கோ மாரியம்மன் பண்டிகைக்கோ எல்லோரும் கூடும்போது வாங்கிவிடுங்கள். அந்த ஏஜென்ட் மறுபடி வந்தால் பெயர் மாறட்டும், பார்க்கலாம் என்று சொல்லி அனுப்புங்கள்.