டொரன்டோ தீவுக்கு எந்தப் படகில் போவது?

கேள்வி: மகன் டொரன்டோவில், ஸ்கார்பரோ பக்கம் வீடு எடுத்திருக்கிறான். ஜூலை முதல் ஆகஸ்ட் கடைசி வரை அவனோடு இருக்கப் போகிறோம். போவதற்கு முன் ஊரைப் பற்றிக் கொஞ்சம் படித்து வைப்போம் என்று உட்கார்ந்தேன், குழப்பம்தான் மிச்சம். ஏரிக்கரை பார்களை ஒருவர் சொர்க்கம் என்கிறார், இன்னொருவர் கொள்ளை என்கிறார். தீவைப் பற்றியும் அதே கதை. கென்சிங்டன் மார்க்கெட் ஒருவருக்கு அழகு, ஒருவருக்கு அழுக்கு. ஸ்கார்பரோவில் பார்க்க ஒன்றுமே இல்லை என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் வங்கியில் 34 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஏரிக்கரையில் உட்கார்ந்து ஒரே ஒரு பீர் குடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. நான் கூடப் போய் உட்காரலாமா? யார் சொல்வதைத்தான் நம்புவது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: பீர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். தாராளமாகப் போய் உட்காருங்கள். பார் என்றதும் நமக்கு டாஸ்மாக்கை ஒட்டிய தகரக் கொட்டகையும் காலில் மிதிபடும் பிளாஸ்டிக் டம்ளரும்தான் ஞாபகம் வரும். டொரன்டோ ஏரிக்கரையில் பார் என்று சொல்வது பெரும்பாலும் ஒரு சாப்பாட்டுக் கடையை. வெயில் காலத்தில் வெளியே மேசை போட்டுவிடுவார்கள், அதற்குப் பேட்டியோ என்று பெயர். பக்கத்து மேசையில் பாட்டியும் பேரனும் உருளைக்கிழங்கு வறுவலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். நீங்கள் எலுமிச்சை ஜூஸ் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

கொள்ளை என்று எழுதியவரும் பொய் சொல்லவில்லை. பட்டியலில் பீர் 10 டாலர் என்று போட்டிருக்கும். அதன் மேல் 13 சதவீதம் வரி. அப்புறம் கார்டு மிஷினை நீட்டுவார்கள். அதில் டிப்ஸ் எவ்வளவு என்று 15, 18, 20 என வரிசையாகக் கேட்கும். 18-ஐத் தொட்டால் அந்த 10 டாலர் 13 டாலரைத் தாண்டிவிடும். வங்கிக்காரர் ஆயிற்றே, மனசுக்குள் ரூபாயாக மாற்றிப் பார்ப்பார். மாற்ற விடாதீர்கள். இல்லையென்றால் அந்தப் பீர் இறங்காது. என் தங்கையும் ஸ்கார்பரோவில்தான் இருக்கிறாள். முதல் தடவை அவளோடு போனபோது பில்லைப் பார்த்து நானும் முணுமுணுத்தேன். ஊருக்கு வந்து எழுதியிருந்தால் நானும் கொள்ளை என்றுதான் எழுதியிருப்பேன். ஆனால் அன்றைக்கு மூன்று மணி நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம், எழுந்து போங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதைக் கணக்கில் சேர்க்க எனக்கு இரண்டாவது பயணம் தேவைப்பட்டது.

இடம் என்று பார்த்தால் குவீன்ஸ் கீ தெரு. யூனியன் ஸ்டேஷனில் இறங்கித் தெற்கே நடக்க வேண்டும். வழியில் கார்டினர் என்கிற உயர்த்திய நெடுஞ்சாலைக்கு அடியில் புகுந்து போக வேண்டியிருக்கும். கான்கிரீட் தூண், இரைச்சல், இருட்டு. ஏரிக்கரை என்று கூட்டி வந்து பாலத்துக்கு அடியில் விட்டுவிட்டானே என்று தோன்றும், ஐந்து நிமிஷம்தான். ஒரு காலத்தில் கரை இவ்வளவு தூரத்தில் இல்லை. ஸ்டேஷன் வாசலில் இருக்கும் ஃப்ரண்ட் ஸ்ட்ரீட்தான் அப்போது தண்ணீரின் ஓரம். பெயரே அதனால் வந்தது. அதற்குத் தெற்கே நீங்கள் மிதிப்பதெல்லாம் கொட்டி நிரப்பிய மண். ஜூலை தொடக்கத்தில் சூரியன் மறைய ஒன்பது மணி ஆகிவிடும். அதனால் சாயங்காலம் ஏழு மணிக்குப் போனால் போதும். கையில் ஒரு சால்வை இருக்கட்டும். பகலில் 30 டிகிரி அடித்தாலும் ஏரிக் காற்று வேறு மாதிரி.

சரி, தீவு. உங்கள் குழப்பம் இங்கேதான் அதிகம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் எல்லோரும் ஒரே தீவைப் பற்றிப் பேசுவதில்லை. பே ஸ்ட்ரீட்டின் தென்கோடியில் ஜாக் லேட்டன் படகுத் துறை இருக்கிறது. அங்கிருந்து மூன்று தனித்தனிப் படகுகள்: நடுவில் சென்டர் ஐலண்ட், கிழக்கே வார்ட்ஸ் ஐலண்ட், மேற்கே ஹான்லன்ஸ் பாயின்ட். கால் மணி நேரப் பயணம். போகும்போது வாங்கும் டிக்கெட்டிலேயே திரும்பும் பயணமும் அடக்கம். டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் வாங்கலாம், ஆனால் அதில் எந்தப் படகு என்று நேரம் கிடையாது. வாங்கிவிட்டோம், நேரே ஏறிவிடலாம் என்று நினைத்துப் போனவர்கள்தான் கோபமாக எழுதுகிறார்கள்.

சனிக்கிழமை மதியம் 12 மணிக்கு, குழந்தைகளோடு, சென்டர் ஐலண்ட் படகுக்குப் போய் நின்றவருக்குத் தீவு என்றால் வெயிலும் தள்ளுவண்டிகளும் ஒரு மைல் வரிசையும்தான். குழந்தைகளுக்கான ராட்டினப் பூங்கா அங்கேதான் இருக்கிறது, கூட்டம் வராமல் என்ன செய்யும்? செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு வார்ட்ஸ் படகில் போனவருக்கு அதே தீவு சொர்க்கம். நீங்கள் வார்ட்ஸ் படகிலேயே போங்கள். ஜூலை 1 கனடா தினத்தையும் ஆகஸ்ட் முதல் வாரக் கடைசியையும் விட்டுவிடுங்கள். அந்தத் திங்கட்கிழமை அங்கே விடுமுறை. இன்னொன்று, படிக்கும்போது எந்த வருஷம் எழுதியது என்று பாருங்கள். 2017-இல் ஏரி பொங்கித் தீவில் தண்ணீர் புகுந்து, ஜூலை முடியும் வரை பொதுமக்களுக்கு மூடியே இருந்தது. அந்தக் கோடையில் போய் ஏமாந்தவரின் புலம்பல் உங்களுக்கு எதற்கு?

வார்ட்ஸ் பக்கம் இறங்கினால் சின்னச் சின்ன மர வீடுகள், ஆளுயரப் பூச்செடிகள். கார் கிடையாது. பக்கத்து அல்கான்குவின் தீவையும் சேர்த்து சுமார் 260 வீடுகள்தான். இந்த வீடுகளை இடித்துப் பூங்காவாக்க நிர்வாகம் பல வருஷம் முயன்றது. 1980 ஜூலையில் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுக்க வந்த அதிகாரியைக் குடியிருந்தவர்கள் பாலத்தில் மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் 1993-இல் சட்டம் போட்டு 99 வருஷக் குத்தகை கொடுத்தார்கள். இன்றைக்கு அங்கே ஒரு வீடு விலைக்கு வந்தால் காசு இருக்கிறவர் வாங்கிவிட முடியாது. 500 பேர் கொண்ட காத்திருப்புப் பட்டியல் ஒன்று இருக்கிறது, அதன் வரிசைப்படிதான். அந்தத் தெருக்களில் நடக்கும்போது, அது யாரோ ஒருவருடைய வாசல் என்ற நினைப்போடு நடங்கள். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துப் படம் எடுக்கும் கூட்டத்தை அவர்களுக்குப் பிடிக்காது. நமக்கும்தான் பிடிக்காது.

குளிக்கிறவர்கள் எழுதுவதிலும் இரண்டு கட்சி உண்டு. ஒருவர் தண்ணீர் இதமாக இருந்தது என்பார், மறுநாள் போனவர் கால் மரத்துப்போனது என்பார். ஒன்டாரியோ ஏரியின் அதிக ஆழம் 244 மீட்டர். மேலே இருக்கும் தண்ணீர்தான் வெயிலில் சூடாகிறது. வடமேற்குக் காற்று விடாமல் அடித்தால் அந்த மேல்தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போய்விடும், அடியிலிருக்கும் குளிர்ந்த தண்ணீர் அந்த இடத்துக்கு மேலே வரும். ஜூலை நடுவிலேகூட ஒரே நாளில் பத்து டிகிரி இறங்கிவிடும். பெருமழை பெய்த மறுநாள் இறங்கவே வேண்டாம். பழைய சாக்கடைக் குழாய்கள் நிரம்பி ஏரியில் வழியும். குளிக்கும் கரைகளின் தண்ணீரைக் கோடையில் தினமும் சோதித்து, இறங்கலாமா கூடாதா என்று மாநகராட்சி அறிவிக்கிறது. மகனிடம் சொன்னால் போனிலேயே பார்த்துவிடுவான்.

ஹான்லன்ஸ் பாயின்ட் படகைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அங்கே ஏரி மணற்கரையின் ஒரு பகுதியில் உடை உடுத்துவது அவரவர் விருப்பம். மாநகராட்சியே அனுமதித்தது, பலகையும் வைத்திருக்கிறார்கள். என் தங்கையின் மாமனார் கும்பகோணத்துக்காரர், 76 வயது, பலகை படிக்கிற பழக்கம் இல்லாதவர். மரங்களுக்கு நடுவே விறுவிறுவென்று போனவர், போன வேகத்தைவிட வேகமாகத் திரும்பி வந்தார். அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை. இத்தனைக்கும் சரித்திரம் உள்ள இடம் அது. பேஸ்பால் வீரர் பேப் ரூத் தொழில்முறை ஆட்டத்தில் தன் முதல் ஹோம் ரன்னை 1914-இல் அங்கிருந்த மைதானத்தில்தான் அடித்தார். அதைச் சொல்லித்தான் மாமனாரைச் சமாதானப்படுத்தினோம். பேஸ்பால் என்றால் என்ன என்று கேட்டார்.

கென்சிங்டன் மார்க்கெட்டில் அழகும் உண்டு, அழுக்கும் உண்டு. நூறு வருஷத்துக்கு முன் யூதர்கள் வீட்டு முன்பக்கத்தையே கடையாக்கிக் கோழியும் துணியும் விற்ற தெருக்கள் அவை. பின்னால் போர்ச்சுகீசியர்கள் வந்தார்கள், அப்புறம் கரீபியன்காரர்கள். ஒவ்வொருவரும் போகும்போது ஒரு கடையையாவது விட்டுவிட்டுப் போனார்கள். 2006-இல் அதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். காலை பத்து மணிக்குப் போனால் பாதிக் கடை திறந்திருக்காது, முந்தின நாள் குப்பை மட்டும் தெருவில் இருக்கும். மே முதல் அக்டோபர் வரை மாதக் கடைசி ஞாயிறுகளில் வண்டிகளை நிறுத்திவிட்டுத் தெருவையே நடப்பவர்களுக்குக் கொடுக்கிறார்கள், அன்றைக்குப் போங்கள். வீடில்லாமல் தெருவில் படுத்திருப்பவர்களையும் பார்ப்பீர்கள். பணக்கார நாட்டில் இது என்ன என்று மனசு சங்கடப்படும். அந்த நகரத்தில் வாடகை அப்படி.

டிஸ்டில்லரி டிஸ்ட்ரிக்டுக்கு அரை நாள் போதும். பழைய விஸ்கி ஆலைக் கட்டடங்கள், செங்கல் அழகு, கடைகளில் விலை அதிகம். ஜெரார்ட் தெரு லிட்டில் இந்தியாவைப் புடவைக் கடைக்காக நினைத்து வைத்திருந்தால் ஆசையைக் குறைத்துக்கொள்ளுங்கள். பல கடைகள் புறநகருக்குப் போய்விட்டன.

ஸ்கார்பரோவில் பார்க்க ஒன்றுமில்லை என்று எழுதிய மூன்று பேரும் ஊர் நடுவில் ஓட்டல் எடுத்துத் தங்கியவர்களாகத்தான் இருக்கும். அவர்கள் கண்ணில் பட்டது அகலச் சாலையும் கார் நிறுத்துமிடமும் அதன் பின்னால் வரிசையாக ஒற்றை மாடிக் கடைகளும். எனக்கும் முதலில் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் ஏரிப் பக்கம் ஸ்கார்பரோ பிளஃப்ஸ் என்று செங்குத்தான மண் பாறைகள் இருக்கின்றன, சில இடங்களில் 90 மீட்டர் உயரம். ஏரி அலை அதன் அடியை அரித்து அரித்து, அந்த மணலை மேற்கே கொண்டுபோய்ச் சேர்த்ததில் வந்ததுதான் நீங்கள் படகேறிப் பார்க்கப்போகும் தீவு. 1858 வரை அது தீவே இல்லை, கரையோடு ஒட்டிய மணல்திட்டு. அந்த வருஷம் ஒரு புயல் நடுவில் வெட்டிவிட்டது. உங்கள் மகன் வீட்டுப் பக்கத்து மண்தான் அங்கே தீவாகக் கிடக்கிறது, இதை அவனுக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்கலாம். பிளஃப்ஸுக்குக் கீழே இருக்கும் பூங்காவுக்கு வார நாளில் போங்கள்; ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும். மேலே நின்று பார்ப்பதாக இருந்தால் வேலிக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள். மண் சொல்லாமல் சரியும்.

அப்புறம் சாப்பாடு. 1983-க்குப் பிறகு ஈழத்திலிருந்து வந்த தமிழர்கள் அந்த ஒற்றை மாடிக் கடைகளைத் தங்கள் ஊர்க் கடைத்தெருவாகவே ஆக்கிவிட்டார்கள். மார்க்கம் ரோட்டில் போனால் பெயர்ப்பலகைகள் தமிழில் வரும். டேக் அவுட் கடைகளில் இடியப்பம் எண்ணிக்கைக் கணக்கில், கூடவே சொதி என்கிற தேங்காய்ப்பால் குழம்பும் சம்பலும். மீன் பணிஸ் (உள்ளே மீன் வைத்த பன்), ரோல்ஸ் எல்லாம் சுடச்சுடக் கண்ணாடிப் பெட்டியில். வரியையும் டிப்ஸையும் நினைத்து வயிறு எரியாமல் சாப்பிடும் இடம் இதுதான். ஆகஸ்ட் கடைசி வாரக் கடைசியில் அதே மார்க்கம் ரோட்டில் 2015-இல் தொடங்கிய தமிழர் தெருவிழா நடக்கும். நீங்கள் கிளம்புவது அதற்கு முன்பா பின்பா என்று பார்த்து டிக்கெட் போடுங்கள்.

கடைக்காரம்மா உங்களோடு கதைக்க வருவார், உங்கள் தஞ்சாவூர்ப் பேச்சைக் கேட்டுச் சிரித்தாலும் சிரிப்பார். வீட்டுக்காரரிடம் ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கொத்து ரொட்டிக்கு உறைப்பு எப்படி வேண்டும் என்று கேட்பார்கள். பந்தாவாக 'நார்மல்' என்று சொல்லிவிட வேண்டாம். அது யாழ்ப்பாணத்து நார்மல்.