மட்டன் மொச்சை குழம்பு: கேளுங்க, சொல்றேன்

கேள்வி: அக்கா, நாலு பேருக்கு அளவு சொல்லுங்க. ஒரே குக்கர்ல முடியணும்.

பதில்: எலும்போட ஆட்டுக்கறி அரைக்கிலோ, காஞ்ச மொச்சை 150 கிராம். மொச்சைய ராத்திரியே உப்புத்தண்ணில ஊறப்போட்டு காலைல தண்ணிய கொட்டிடுங்க. குக்கர்ல நல்லெண்ணெய் விட்டு பட்டை, சோம்பு, 20 சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, அப்புறம் கறி, கறி விடுற தண்ணி வத்தி எண்ணெய் தெரியிற வரைக்கும் வதக்கணும், அவசரப்பட்டா கவிச்சி அடிக்கும். மஞ்சத்தூள், மல்லித்தூள் 3 ஸ்பூன், மிளகாத்தூள் ஒன்றரை, உப்பு, தண்ணி, மூணு விசில். ஆவி அடங்கினதும் மொச்சைய போட்டு இன்னும் மூணு. தொறந்து ஒரு மொச்சைய எடுத்து ரெண்டு விரலுக்கு நடுவுல நசுக்கிப் பாருங்க, தோல் வழுக்கிட்டு உள்ள மாவா இருக்கணும். அதுக்கப்புறம்தான் ரெண்டு தக்காளியும் ஒரு மூடி தேங்காயில பாதியும் அரைச்சு ஊத்தி, நெல்லிக்கா அளவு புளி கரைச்சு விட்டு பத்து நிமிஷம் கொதி. புளி கடைசி, மறக்காதீங்க.

கேள்வி: ஒன்பது விசில் விட்டேன், கறி கரைஞ்சே போச்சு, மொச்சை மட்டும் கல்லு மாதிரி இருக்கே?

பதில்: புளிய எப்போ ஊத்தினீங்க? முதல்லயேன்னா அதான் காரணம். பயறுக்குள்ள பெக்டின்னு ஒண்ணு பசை மாதிரி பிடிச்சு வச்சிருக்கு, கொதியில அது கரைஞ்சாதான் வேகும், புளிப்பு பட்டா கரையாது. சுண்ணாம்புச் சத்து அதிகமான போர் தண்ணிக்கும் அதே கதைதான். ஊறுற தண்ணில உப்பு போட சொன்னது நேர் எதிர் காரணத்துக்கு, அது பயற இளக்கும். கல்யாணமான புதுசுல கொழுந்தனார் வீட்டு ஆளுங்களுக்கு நானே இப்படி கோலிகுண்டு குழம்பு ஊத்தியிருக்கேன், மரியாதைக்கு முழுங்கினாங்க பாவம்.

கேள்வி: கறிக்குழம்புல புளியா? எங்க ஊர்ல சொன்னா அடிக்க வருவாங்க.

பதில்: வெறும் கறிக்குழம்புன்னா நானும் ஊத்த மாட்டேன். மொச்சைல மாவுச்சத்து இருக்கு, அது குழம்ப மந்தமாக்கும், அத தூக்கி விட ஒரு புளிப்பு வேணும். பாய் வீட்டு தால்ச்சா சாப்ட்டிருக்கீங்களா? கறி எலும்பு, கடலைப்பருப்பு, கத்திரிக்கா, கூடவே புளியோ மாங்காவோ. அதுக்கு யாரும் அடிக்கல.

கேள்வி: தால்ச்சா பிரியாணிக்கு தொட்டுக்க, குழம்பு சோத்துக்கு. ரெண்டும் ஒண்ணா?

பதில்: தம்பி, நாக்குக்கு அந்த கணக்கெல்லாம் தெரியாது. ரெண்டுலயும் கறி, பயறு, புளிப்பு. ஒரு தடவ புளி போட்டும் ஒரு தடவ போடாமலும் வச்சுப் பாருங்க, அப்புறம் சண்டைக்கு வாங்க.

கேள்வி: லண்டன்ல இருக்கேன், மொச்சை இல்ல. ராஜ்மாவும் பீஃபும் ஸ்லோ குக்கர்ல போட்டுட்டு வேலைக்கு போகலாமா?

பதில்: இத கவனமா படிங்க. ராஜ்மா, அதுலயும் செகப்பு, சரியா வேகலைன்னா அதுல இருக்குற லெக்டின்ங்கிற நச்சு வாந்தி பேதின்னு ஆள படுக்க வச்சிடும். ஸ்லோ குக்கர் சூடு அத அழிக்க பத்தாது. ஊறவச்ச தண்ணிய கொட்டிட்டு, புது தண்ணில பத்து நிமிஷமாவது தளதளன்னு கொதிக்க விட்டுட்டு அப்புறம் போடுங்க. டின்ல வர்றது வெந்தது, அப்படியே போடலாம். தக்காளி கடைசி!

கேள்வி: பச்சை மொச்சைல செய்யலாமா?

பதில்: மார்கழி, தைல கிடைச்சா விடாதீங்க. ஊறப்போட்டு தோல பிதுக்கி எடுத்தா பிதுக்குப் பருப்பு, கறியோட அதுக்கு ஈடே இல்ல. கறி முக்கால்வாசி வெந்தப்புறம் போடணும், சீக்கிரம் வெந்துடும்.

கேள்வி: அக்கா, எனக்கு மொச்சை வேகவே மாட்டேங்குது...

பதில்: மேல படிங்க. புளி.

கேள்வி: வாயு தொல்லை?

பதில்: ஊறின தண்ணிய கொட்டுங்க.

கேள்வி: சிக்கன் பிரியாணிக்கு எவ்ளோ தண்ணி?

பதில்: அது வேற நாள்.

கேள்வி: அக்கா, புளி சண்டை போட்டவன்தான். ராத்திரி வச்சேன். புளி ஊத்தல, மாங்கா போட்டேன்.

பதில்: மொச்சை வெந்தப்புறம்தானே போட்டீங்க?